தீப்பெட்டிப் படங்கள்

தீப்பெட்டிப் படம் என்பது தீப்பெட்டியின் மேற்புறத்தில் ஒட்டப்படும் அல்லது அச்சிடப்படும் வணிகச் சின்னம் ஆகும். கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசி ஆகிய ஊர்களைக் கொண்ட கரிசல் வட்டாரம் இந்தியாவின் முதன்மையான தீப்பெட்டி உற்பத்திப் பகுதி. தெற்கே மணியாச்சிச் சந்திப்பில் பிரியும் ரயில்பாதை இவ்வட்டாரத்தைத் தூத்துக்குடித் துறைமுகத்துடன் இணைக்கிறது.

வரலாறு

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுவீடனிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் தீப்பெட்டிகள் இறக்குமதியாயின. இந்தியச் சந்தைக்கென்றே அவற்றில் இந்துக் கடவுளர், யானை, புலி முதலிய படங்கள் அச்சிடப்பட்டன. 1922இல் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று இத்தொழிலைக் கற்று வந்தனர். மழையை நம்பிய வேளாண்மை போதிய வருவாய் தராத கரிசல் ஊர்களில் தொழில் விரைவாகப் பரவியது. படமிடும் வழக்கமும் உடன் வந்தது.

குறியீடுகள்

இப்படங்கள் அழகுக்காக மட்டும் அமைந்தவை அல்ல. 1931ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது இந்தியாவில் எழுத்தறிந்தோர் பத்தில் ஒருவர்கூட இல்லை. பெயரைப் படிக்க இயலாதவரும் படத்தைச் சொல்லிக் கேட்டு வாங்கினர், படமே பெயராயிற்று. ஆகவே எல்லோரும் அறிந்த உருவங்களே தேர்ந்தெடுக்கப்பட்டன. தாமரை, பசு, திருமகள் ஆகியவை வளத்தையும், விளக்கு மங்கலத்தையும், சிங்கமும் புலியும் வலிமையையும், கப்பலும் விமானமும் புதுமையையும் குறித்தன. விடுதலைப் போராட்டக் காலத்தில் காந்தியும் இராட்டையும் இடம்பெற்றன. சிறுவர்கள் இவற்றைச் சேகரித்து விளையாடினர்.

கோவில்பட்டியில் வாழ்ந்த ஓவியர் சி. கொண்டையராஜுவும் (1898–1976) அவருடைய மாணவர்களும் வரைந்த தெய்வப் படங்கள் சிவகாசி அச்சகங்களில் நாட்காட்டிகளாக அச்சாயின. தீப்பெட்டிப் படங்களும் அவ்வூரிலேயே அச்சிடப்பட்டன.

படத்தில் இல்லாதவர்கள்

வளத்தைக் குறித்த இப்படங்களைப் பெட்டியில் ஒட்டியவர்கள் வறியவர்கள். உள்ளூரில் ‘தீப்பெட்டி ஆபீஸ்’ எனப்படும் தொழிற்சாலைகளில் பெண்களும் சிறுமியரும் குச்சி அடுக்கினர். பெட்டி ஒட்டும் வேலை வீடுகளிலும் நடந்தது. சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், சட்டத்தை மீறிப் பணியமர்த்தப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் உரிமையாளர் 20,000 ரூபாய் செலுத்த வேண்டும் என ஆணையிட்டது.

இன்று பெரும்பாலும் அட்டையிலேயே படம் அச்சாகிவிடுகிறது. பழைய ஒட்டுப் படங்களோ வணிகம், ஓவியம் ஆகியவற்றோடு, பெயர் பதிவாகாத தொழிலாளரின் உழைப்புக்கும் சான்றாக நிற்கின்றன.