குதிரையில ஆரம்பிச்ச அளவு

ஐ.சி.யூ.வுல யாரையாவது பார்க்கப் போனவங்க கவனிச்சிருப்பீங்க. கழுத்துல ஒரு குழாயைச் செருகி பிளாஸ்திரி ஒட்டியிருப்பாங்க. மருந்து ஏத்த மட்டும் இல்லைங்க, இதயத்துக்குத் திரும்பி வர்ற ரத்தத்தோட அழுத்தத்தை அளக்கவும் அதுதான். டாக்டருங்க பாஷையில சி.வி.பி. குத்தற ஊசி தவறினா நுரையீரல்ல ஓட்டை விழலாம், தமனியில பாயலாம். குழாய் நாள்பட இருந்தா கிருமி ஏறலாம். அதனால 'குத்தாம அளக்க முடியாதா?'ங்கற கேள்வி ரொம்ப நாளா இருக்கு.

முதல்ல அளந்தவர் டாக்டரே இல்லை, ஸ்டீபன் ஹேல்ஸ்னு ஒரு இங்கிலாந்து பாதிரியார். குதிரையைக் கட்டிப்போட்டு ரத்தக்குழாய்ல கண்ணாடிக் குழாயைச் சொருகினார். தமனியில ரத்தம் எட்டடிக்கு மேல ஏறிச்சு, கழுத்துச் சிரையில ஏறக்குறைய ஓரடிதான். 1733-ல புத்தகமா போட்டார். குதிரை பாவம்!

குத்தாம அளக்கற வழியை 1903-லயே வியன்னாவுல கெர்ட்னர் எழுதிட்டார். நீங்களே செஞ்சு பாருங்க. கையைத் தொங்கவிட்டா புறங்கையில நரம்பு புடைக்கும். மெதுவா தூக்கிக்கிட்டே போனா ஒரு உயரத்துல சப்புன்னு அமுங்கிடும். அந்த இடத்துக்கும் இதயத்துக்கும் உள்ள உயரம்தான் அழுத்தம். அவ்ளோதான், கருவி எதுவும் வேண்டாம்! 1930-ல லண்டன்ல தாமஸ் லூயிஸ் இதையே கழுத்துச் சிரையில பார்க்கச் சொல்லிக் கொடுத்தார். ஆனா கழுத்து தடிச்சவங்களுக்கு சிரை எங்க தெரியும்?

இதுக்கு நடுவுல, 1929-ல ஜெர்மனியில ஃபோர்ஸ்மன்னுங்கற இளம் டாக்டர் தன்னோட கை நரம்புல குழாயை விட்டு இதயம் வரைக்கும் தள்ளி, அப்படியே எக்ஸ்ரே அறைக்கு நடந்து போனார். அப்போ திட்டுதான் கிடைச்சது, நோபல் பரிசு 1956-ல வந்தது. குழாய் ஜெயிச்சது. 1960-கள்ல இருந்து சி.வி.பி. பார்த்துதான் உப்புத்தண்ணி ஏத்தறதுன்னு ஆயிடுச்சு.

அல்ட்ராசவுண்ட் வந்த கதை தனி சுவாரசியம். 1953-ல ஸ்வீடன்ல எட்லரும் ஹெர்ட்ஸும், கப்பல் கட்டற தளத்துல இரும்புல விரிசல் பார்க்கற கருவியை இரவல் வாங்கி இதயத்துல வச்சுப் பார்த்தாங்க. வயித்துக்குள்ள இருக்கற கீழ்ப்பெருஞ்சிரை எவ்ளோ அகலம், மூச்சை உறிஞ்சினா எவ்ளோ சுருங்குதுன்னு பார்த்து அழுத்தத்தைக் கணிக்கறது அதுக்கப்புறம் வந்தது. அமெரிக்க எக்கோ சங்கத்தோட 2010 விதிப்படி, 2.1 செ.மீ.க்கு மேல போகாம, பாதிக்கு மேல சுருங்கினா அழுத்தம் சுமார் 3. விரிஞ்சு போய், சுருங்கவும் இல்லைன்னா 15. ரெண்டுலயும் சேராததுக்கு 8. என்னைக் கேட்டா இது அளவு இல்லை, மதிப்பீடு. வென்டிலேட்டர்ல இருக்கறவங்களுக்கு இந்தக் கணக்கு சரியா வராது.

எனக்குப் பிடிச்சது 2007-ல சுவிஸ் டாக்டருங்க எழுதினது. ஸ்கேன் முனையில அழுத்தமானியைப் பொருத்தி, முன்கைச் சிரையை அமுக்கறாங்க. திரையில சிரை மூடற நொடியில என்ன அழுத்தமோ அதான் கணக்கு. சட்டுன்னு பார்த்தா நம்ம கெர்ட்னர்தான்! கையைத் தூக்கறதுக்குப் பதிலா அமுக்கறாங்க, கண்ணுக்குப் பதிலா திரை.

இப்படிப் பாடுபட்டுக் குத்தாம அளக்கக் கத்துக்கிட்ட நேரத்துல, 2008-ல மாரிக்கும் கூட்டாளிகளும் பழைய ஆய்வுகளையெல்லாம் அலசி, இந்த எண்ணைப் பார்த்து யாருக்குத் தண்ணி ஏத்தலாம்னு சொல்ல முடியாதுன்னு எழுதினாங்க. உடம்புல எவ்ளோ ரத்தம் இருக்குன்னு சி.வி.பி. சரியாக் காட்டினதா அவங்களுக்குக் கிடைச்சது ஒரே ஒரு ஆய்வு. அதுவும் மனுசங்ககிட்ட நடந்ததில்லை. ஏழு பெண் குதிரைங்க. ஹேல்ஸோட குதிரை மாதிரி கட்டிப்போட்டதுங்க இல்லை, நின்னுக்கிட்டு இருந்ததுங்க.