ஒரு கிளப் இறந்தால் யாருக்கு எவ்வளவு நஷ்டம்? வூஸ்டர் வாரியர்ஸின் கதை

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

இன்னைக்கு நாம பார்க்கப் போறது ஒரு ரக்பி கிளப் திவாலான வரலாறு. ரக்பி விதிகள் எதுவும் தெரிஞ்சிருக்க வேண்டியதில்லை. இது பந்தைப் பற்றிய கதையைவிட, சம்பளம், கடன், நிலம் பற்றிய கதைதான்.

இங்கிலாந்தில் செவர்ன் ஆற்றங்கரையில் இருக்கும் நகரம் வூஸ்டர். வூஸ்டர்ஷர் சாஸ் பாட்டிலைச் சூப்பர் மார்க்கெட்டில் பார்த்திருப்பீங்க, அதே ஊர்தான். அங்கே 1871-ல் தொடங்கின ரக்பி கிளப், பின்னாளில் வூஸ்டர் வாரியர்ஸ் என்ற பேரில் நாட்டின் உச்ச லீக்கான பிரீமியர்ஷிப்பில் ஆடியது. 2022 மே மாதம் பிரீமியர்ஷிப் கோப்பையின் இறுதிப் போட்டி. லண்டன் ஐரிஷ் அணியோடு கூடுதல் நேரம் முடிந்தும் 25-25 என்று சமநிலை. போட்டி விதிப்படி வூஸ்டருக்கு வெற்றி. உச்ச மட்டத்தில் அந்தக் கிளப் வென்ற முதல் பெரிய கோப்பை அது.

அதே ஆண்டு அக்டோபர் 5-ஆம் தேதி, லண்டன் உயர் நீதிமன்றத்தின் ஓர் உத்தரவில் அந்த அணியின் அத்தனை ஆட்டக்காரர்களும் வேலை இழந்தார்கள். கோப்பைக்கும் கோர்ட் உத்தரவுக்கும் நடுவில் ஐந்து மாதம்கூட இல்லை.

ஐந்து மாதத்தில் எந்தக் கிளப்பும் திவாலாகாது. அதற்கான அடித்தளம் 1995-லேயே போடப்பட்டது. அங்கிருந்து ஆரம்பிப்போம்.

சம்பளம் வந்த நாள்

ரக்பி யூனியன் நூறு வருஷத்துக்கும் மேலாகக் காசு வாங்காமல் ஆடுகிற விளையாட்டாக இருந்தது. மேசைக்கு அடியில் பணம் கைமாறியது வேறு விஷயம். விதிப்படி ஆடுகிறவருக்குச் சம்பளம் கிடையாது. 1995 ஆகஸ்டில் பாரிஸில் கூடின சர்வதேச ரக்பி வாரியம் அந்த விதியை எடுத்துவிட்டது.

நியூசிலாந்திலும் அயர்லாந்திலும் ஆட்டக்காரர்களின் ஒப்பந்தங்கள் பெரும்பாலும் தேசிய ரக்பி அமைப்பின் கைக்குப் போயின. இங்கிலாந்தின் அமைப்பான ஆர்.எஃப்.யு. என்ன செய்தது? ஒரு வருஷம் பொறுங்கள், யோசித்து முடிவு செய்கிறோம் என்றது. அந்த இடைவெளியில் பணக்காரர்கள் உள்ளே வந்தார்கள். நியூகாசிலுக்கு சர் ஜான் ஹால், சாரசன்ஸுக்கு நைஜல் ரே, ரிச்மண்டுக்கு ஆஷ்லி லெவெட். கிளப்பை வாங்கினார்கள், ஆட்டக்காரர்களை ஒப்பந்தம் செய்தார்கள். ஆர்.எஃப்.யு. யோசித்து முடிப்பதற்குள் ஆட்டக்காரர்கள் கிளப்புகளின் சொத்தாகிவிட்டார்கள்.

முதலில் விழுந்தது ரிச்மண்ட். 1861-ல் தொடங்கின, உலகின் மிகப் பழைய ரக்பி கிளப்புகளில் ஒன்று. லெவெட் பணம் போடுவதை நிறுத்தினார். 1999 மார்ச்சில் கிளப் திவால் நிர்வாகத்துக்குப் போனது. அதன் தொழில்முறைப் பிரிவையும் லண்டன் ஸ்காட்டிஷின் தொழில்முறைப் பிரிவையும் லண்டன் ஐரிஷோடு இணைத்துவிட்டார்கள். லண்டன் ஐரிஷ் என்ற பேரை நினைவில் வச்சுக்கோங்க, திரும்ப வரும்.

ரிச்மண்ட் சொன்ன பாடம் ரொம்ப எளிமையானது. வரவைவிடச் செலவு அதிகமான ஒரு கிளப்பின் ஆயுள், அதற்குப் பணம் கொடுக்கிற ஒரே ஆளின் மனசைப் பொறுத்தது. அந்தப் பாடத்தை யாரும் எழுதி வைத்துக்கொள்ளவில்லை.

பாய்லர்காரரின் கிளப்

வூஸ்டருக்கும் ஒரு புரவலர் இருந்தார். செசில் டக்வொர்த். வீடுகளைச் சூடாக்குகிற பாய்லர் தயாரிக்கும் கம்பெனியை அதே ஊரில் ஆரம்பித்தவர். அதைப் பின்னாளில் ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் வாங்கியது. பிரிட்டனில் இன்றைக்கும் வூஸ்டர் பாஷ் என்றால் எல்லோருக்கும் தெரியும்.

டக்வொர்த் தன் பணத்தைச் சொந்த ஊர்க் கிளப்பில் போட்டார். வட்டார அளவிலான லீக்கில் ஆடிக்கொண்டிருந்த அணி படிப்படியாக மேலே ஏறியது. 2003-04 சீசனில் இரண்டாம் நிலை லீக்கில் ஆடின 26 போட்டிகளிலும் வென்று பிரீமியர்ஷிப்புக்கு வந்தது. நகரத்துக்கு வெளியே, எம்5 நெடுஞ்சாலையின் ஆறாவது சந்திப்புக்குப் பக்கத்தில் இருக்கும் சிக்ஸ்வேஸ் மைதானம் சுமார் 12,000 பேர் உட்காரும் அரங்கமாக வளர்ந்தது. ஊர் கூடி இழுத்த தேர்தான். ஆனால் வடக்கயிறு வாங்கிக் கொடுத்தவர் ஒருவர்.

டக்வொர்த் பின்னர் விலகினார், 2020 நவம்பரில் காலமானார். கிளப் கைமாறியது. 2018-க்குப் பிறகு காலின் கோல்ட்ரிங், ஜேசன் விட்டிங்ஹாம் என்ற இருவரிடம் வந்து சேர்ந்தது. அந்தச் சமயத்தில் கிளப்பிடம் இருந்த பெரிய சொத்து எது என்று நினைக்கிறீங்க? அணி இல்லை. நெடுஞ்சாலையை ஒட்டின நிலம்.

இதே காலத்தில் மொத்த லீக்கும் கடனில்தான் ஓடியது. 2018 இறுதியில் சி.வி.சி. என்ற முதலீட்டு நிறுவனம் 20 கோடி பவுண்டுக்கு மேல் கொடுத்து பிரீமியர்ஷிப்பின் வணிக உரிமையில் 27 சதவீதத்தை வாங்கியது. கிளப்புகளுக்கு மொத்தமாக ஒரு தொகை கைக்கு வந்தது. பதிலாக வருங்கால வருமானத்தில் கால் பங்குக்கு மேல் போனது. வந்த பணம் பெரும்பாலும் சம்பளத்திலும் பழைய கடனிலும் கரைந்தது.

அப்புறம் கொரோனா. டிக்கெட் விற்பனை நின்றது. அரசு விளையாட்டு அமைப்புகளுக்கு உதவித் தொகுப்பு கொடுத்தது; பிரீமியர்ஷிப் கிளப்புகளுக்கு அது பெரும்பாலும் கடனாக வந்தது. வூஸ்டருக்குக் கிடைத்தது 1.4 கோடி பவுண்டுக்கும் மேல். ஆக, கிளப்பின் மிகப் பெரிய கடன்காரர் பிரிட்டிஷ் அரசாங்கமே ஆனது.

ஆறு வாரம்

2022 ஆகஸ்டில் பிரிட்டிஷ் வரித்துறை கோர்ட்டுக்குப் போனது. சுமார் 60 லட்சம் பவுண்டு வரிப் பாக்கி. கம்பெனியைக் கலைத்துப் பணத்தை வாங்கித் தாருங்கள் என்று மனு. நம்ம ஊரில் கடன் வாங்கினவரே மஞ்சள் கடுதாசி கொடுப்பார் என்பார்கள். இங்கே அதைக் கடன் கொடுத்தவர் கொடுத்தார்.

ஆகஸ்ட் மாதச் சம்பளம் ஆட்டக்காரர்களுக்குத் தாமதமாக வந்தது. ஆடாத ஊழியர்களுக்கு, அதாவது அலுவலகத்தில், மைதானத்தில் வேலை செய்தவர்களுக்கு, 65 சதவீதம்தான் வந்தது. புது சீசன் அதற்குள் தொடங்கிவிட்டது. செப்டம்பர் 18-ல் எக்ஸிடருக்கு எதிரான போட்டிக்குப் பாதுகாப்பு ஏற்பாடுகள் போதாததால் 5,000-க்கும் குறைவானவர்களைத்தான் உள்ளே விட்டார்கள். முழுச் சம்பளம் வாங்காதவர்கள்தான் அந்தப் போட்டியை நடத்திக் கொடுத்தார்கள்.

செப்டம்பர் 24-ல் நியூகாசிலை 39-5 என்று வூஸ்டர் வென்றது. இரண்டு நாள் கழித்து, 26-ஆம் தேதி மாலை 5 மணி, ஆர்.எஃப்.யு. கொடுத்த கெடு. காப்பீடு இருக்கிறதா, மாதச் சம்பளத்துக்குப் பணம் இருக்கிறதா, காட்டுங்கள் என்றது. கிளப்பால் காட்ட முடியவில்லை. எல்லாப் போட்டிகளிலிருந்தும் நிறுத்திவைக்கப்பட்டது. அன்றைக்கே அரசு தன் கடனைக் காப்பாற்றக் கிளப்பைத் திவால் நிர்வாகத்தில் போட்டது.

இங்கே சட்டத்தின் ஒரு நுணுக்கத்தைப் புரிஞ்சுக்கணும். ரசிகருக்கு வூஸ்டர் வாரியர்ஸ் என்பது ஒன்று. சட்டத்துக்கு அது பல கம்பெனி. மைதானத்தையும் வணிகத்தையும் நடத்தியது ஒரு கம்பெனி. அதுதான் திவால் நிர்வாகத்துக்குப் போனது. அந்த நிலையில் ஒரு நிர்வாகி வந்து, வாங்க ஆள் தேடுவார்; கம்பெனி பிழைக்கலாம். ஆட்டக்காரர்கள், சில ஊழியர்களின் ஒப்பந்தங்கள் இருந்தது இன்னொரு கம்பெனியில். பேரே டபிள்யூ.ஆர்.எஃப்.சி. பிளேயர்ஸ் லிமிடெட். அக்டோபர் 5-ல் கோர்ட் கலைத்தது இதைத்தான். கலைத்தவுடன் ஒப்பந்தங்கள் எல்லாம் காலி.

விளைவு என்ன? நிலம் வைத்திருந்த பக்கம் விற்பனைக்குத் தயாராகப் பத்திரமாக இருந்தது. மனிதர்கள் இருந்த பக்கம் கலைந்தது. திட்டமிட்டு இப்படிச் செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆட்டக்காரர்களைத் தனி கம்பெனியில் வைப்பது கணக்கு வசதிக்காகப் பல இடங்களில் நடப்பதுதான். ஆனால் கிளப் உடையும்போது எந்த இடத்தில் உடையும் என்பதை அந்த ஏற்பாடு முன்கூட்டியே முடிவு செய்துவிடுகிறது.

திவால் சட்டத்தில் ஒரு வரிசையும் உண்டு. அடமானம் வாங்கிக் கடன் கொடுத்தவருக்கு முன்வரிசை. எந்த ஈடும் இல்லாமல் சரக்கு கொடுத்த உள்ளூர் வியாபாரிக்குக் கடைசி வரிசை. அந்த வரிசை வருவதற்குள் பந்தியில் இலை காலியாக இருக்கும்.

விழுந்த மற்ற சீட்டுகள்

வூஸ்டரோடு நின்றிருந்தால் இதை ஒரு மோசமான நிர்வாகத்தின் கதை என்று முடித்துவிடலாம். நிற்கவில்லை.

அடுத்தது வாஸ்ப்ஸ், இரண்டு முறை ஐரோப்பிய சாம்பியன். லண்டன் பக்கத்திலிருந்து 2014-ல் கவன்ட்ரிக்கு இடம் மாறி, அங்கே பெரிய அரங்கத்தை வாங்கினார்கள். அதற்காக 2015-ல் பொதுமக்களிடம் 6.5 சதவீத வட்டிக்குக் கடன் பத்திரம் விற்று 3.5 கோடி பவுண்டு திரட்டினார்கள். அதைத் திருப்பித் தர வேண்டிய மாதம் 2022 மே. தர முடியவில்லை. அக்டோபர் 17-ல் வாஸ்ப்ஸும் திவால் நிர்வாகத்தில். ஆட்டக்காரர்களும் ஊழியர்களுமாக 167 பேருக்கு அன்றைக்கே வேலை போனது.

2023 ஜூனில் மூன்றாவது கிளப். ரிச்மண்டை 1999-ல் தன்னோடு இணைத்துக்கொண்ட அதே லண்டன் ஐரிஷ். 13 அணிகள் இருந்த லீக் 10 அணிகளாகச் சுருங்கியது. அந்த செப்டம்பரில், இரண்டாம் நிலை லீக்கின் நடப்புச் சாம்பியனான ஜெர்சி ரெட்ஸும் மூடப்பட்டது.

இதில் வேலை தேடுகிற ஆட்டக்காரரின் நிலையை யோசிச்சுப் பாருங்க. நட்சத்திரங்களுக்கு இடம் கிடைத்தது. வூஸ்டர் கேப்டன் டெட் ஹில்லும் ஆலி லாரன்ஸும் பாத் அணிக்குப் போனார்கள். 2025-ல் பாத் லீக் பட்டத்தை வென்றபோது இருவரும் அந்த அணியில் இருந்தார்கள். ஆனால் சம்பள உச்சவரம்பு 64 லட்சம் பவுண்டிலிருந்து 50 லட்சமாக ஏற்கெனவே குறைக்கப்பட்டிருந்தது. மற்ற கிளப்புகளிடமும் காசு இல்லை. அணியின் முப்பதாவது, நாற்பதாவது ஆட்டக்காரருக்குச் சந்தையே இல்லாமல் போனது.

பெண்கள் அணி வேறு ஆதரவோடு இன்னொரு சீசன் தாக்குப்பிடித்தது. 2023 அக்டோபரில், அடுத்த சீசன் தொடங்கும் முன்பே அதுவும் நின்றது.

விளைவு ரக்பியோடும் முடியவில்லை. வூஸ்டரின் அதே உரிமையாளர்கள் கால்பந்துக் கிளப் ஒன்றும் வைத்திருந்தார்கள்: லங்காஷரின் கடற்கரை ஊரான மோர்கம். 2025 கோடையில் அங்கேயும் சம்பளம் வரவில்லை, லீக் நிறுத்திவைத்தது. வேறொரு குழு வாங்கின பிறகுதான் ஆகஸ்டில் உயிர் வந்தது.

யார் கவனித்திருக்க வேண்டும்?

2023 ஜனவரியில் பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழு ஒன்று இதை விசாரித்து அறிக்கை கொடுத்தது. உரிமையாளர்களை மட்டுமல்ல, ஆர்.எஃப்.யு.வையும் லீக் நிர்வாகத்தையும் கடுமையாக விமர்சித்தது. கேள்வி நியாயமானது. கணக்கு நஷ்டத்தில் இருப்பது வருஷாவருஷம் பொதுவெளியில் பதிவாகிறது. படித்தவர்கள் இருந்தார்கள், தடுக்கும் அதிகாரத்தை யாரும் பயன்படுத்தவில்லை. அதன் பிறகுதான் கிளப்புகளின் நிதியைக் கண்காணிக்கத் தனி ஏற்பாடு வந்தது.

ஆட்டக்காரர்களை தேசிய அமைப்பே வைத்துக்கொண்டால் எல்லாம் சரியாகிவிடுமா? அப்படியும் சொல்ல முடியாது. ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் ரெபல்ஸ் 2024-ல் மூடப்பட்டது. கூட்டம் தருகிற பணத்தைவிட ஆட்டத்துக்கு ஆகிற செலவு அதிகம் என்றால், எந்த ஏற்பாட்டிலும் யாராவது ஒருவர் அந்த வித்தியாசத்தைக் கட்டித்தான் ஆகணும். அவர் நிறுத்தும் நாளுக்கு ஒரு திட்டம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

பேருக்கு ஒரு விலை

வூஸ்டரை வாங்க வந்த அட்லஸ் என்ற குழு, 2023 பிப்ரவரியில் ஓர் அறிவிப்பு செய்தது. வூஸ்டர் வாரியர்ஸ் என்ற பேரை விட்டுவிட்டு, பக்கத்து ஊரான ஸ்டவர்பிரிட்ஜ் கிளப்போடு சேர்ந்து சிக்ஸ்வேஸ் ரக்பி என்று ஆடுவோம் என்றார்கள். ரசிகர்கள் கொதித்தார்கள். திட்டம் கைவிடப்பட்டது.

கவனியுங்க. ரசிகர்களிடம் பங்கு இல்லை, நிலம் இல்லை, கோர்ட்டில் இடம் இல்லை. கடன்காரர் பட்டியலிலும் பெரும்பாலும் அவர்கள் பேர் வராது. ஆனால் அவர்கள் இல்லாவிட்டால் வாங்கின சொத்து வெறும் அரங்கமும் கார் நிறுத்தும் இடமும்தான். சட்டம் மதிப்புப் போடாத ஒன்றுக்கு அவர்கள் மதிப்புப் போட்டார்கள், வாங்க வந்தவர்கள் அதை ஏற்க வேண்டி வந்தது.

மே 2023-ல் விற்பனை முடிந்தது. அப்போதும் அணி உடனே ஆடவில்லை. மூன்று சீசன் போனது. 2025-26 சீசனில்தான் வூஸ்டர் வாரியர்ஸ் இரண்டாம் நிலை லீக்குக்குத் திரும்பியது.

ரிச்மண்டும் திரும்பி வந்தது, வேறு பாதையில். அமெச்சூர் கிளப்பாகக் கீழ்நிலை லீக்கிலிருந்து ஆரம்பித்து, 2016-ல் இரண்டாம் நிலை வரை ஏறியது. 1999-ல் அங்கே செத்தது கம்பெனி. 1861-ல் தொடங்கின உறுப்பினர்களின் சங்கம் அப்படியே இருந்தது. அதனால்தான் திரும்பி வர ஒரு வீடு இருந்தது.

இந்த இரண்டு கதையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்குத் தோன்றுவது இதுதான். புரவலர் வருவதில் தப்பில்லை. கலையும் விளையாட்டும் எந்தக் காலத்திலும் அப்படித்தான் வளர்ந்திருக்கின்றன. ஆனால் அவர் வரும்போதே ஊர் கேட்டு வைக்க வேண்டிய கேள்விகள் மூன்று உண்டு. நிலம் யார் பேரில்? பேர் யார் கையில்? சம்பளம் நின்றால் முதல் அடி யாருக்கு? வூஸ்டரில் இந்த மூன்றுக்கும் பதில் 2022 செப்டம்பரில்தான் தெரிந்தது. அப்போது 65 சதவீதச் சம்பளத்தோடு வாசலில் டிக்கெட் சரிபார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு அந்தப் பதிலால் ஒரு பயனும் இல்லை.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.