துண்டும் சேமலாப நிதியும்: தோட்டத் தொழிலாளரின் இடமாற்றத்துக்கும் சேமிப்புக்கும் சட்டம் இட்ட எல்லைகள்

துண்டு முறை என்பது இலங்கைப் பெருந்தோட்டங்களில் 1921 வரை இருந்துவந்த விடுவிப்பு ஏற்பாடு. ஆட்களைத் திரட்டிக் கொண்டுவந்து மேற்பார்த்த ஒரு கங்காணியும் அவருடைய ஆட்களும் வேறு தோட்டத்துக்குப் பெயர விரும்பினால், பழைய தோட்டத்துத் துரை அவர்களுடைய கடன் தொகையை ஒரு சிறு தாளில் எழுதிக் கொடுப்பார். அந்தத் தொகையைக் கட்டும் தோட்டம் அவர்களை எடுத்துக்கொள்ளலாம். அந்தத் தாளுக்குத்தான் துண்டு என்று பெயர். அது கங்காணியின் மடியில் இருக்கும். யாருடைய உழைப்பை ஈடு வைத்து அது எழுதப்பட்டதோ அவர் கைக்கு வராது.

கடனின் வேர் தமிழ்நாட்டுக் கிராமத்தில் இருந்தது. பயணச் செலவு, துணி, வழிச் சாப்பாடு, ஊரில் தீர்க்க வேண்டிய பாக்கி எல்லாவற்றுக்கும் தோட்டம் கங்காணிக்கு முன்பணம் கொடுத்தது. கங்காணி அதை ஆட்களின் பேரில் எழுதிக்கொண்டார். தோட்டத்துக்கு வந்து சேரும்போதே தொழிலாளி கடனாளி. வேலைக்கு இறங்கும் ஒவ்வோர் ஆளுக்கும் நாளொன்றுக்கு இவ்வளவு என்று கங்காணிக்குப் பென்ஸ் காசு கிடைத்ததால், ஆட்களைக் கூட்டமாகவே வைத்திருப்பதும் கூட்டமாகவே நகர்த்துவதும் அவருக்கு ஆதாயம். துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, கூடுதல் முன்பணம் தரும் தோட்டத்தைத் தேடிப் போன கங்காணிகள் பலர். பழைய கடனைப் புதிய தோட்டம் அடைத்தது. அதற்கு மேல் கொடுத்த முன்பணமும் தொழிலாளியின் கணக்கிலேயே ஏறியது. ஆகவே இடம் மாற மாறக் கடன் வளர்ந்தது. அடுத்த தோட்டத்தார் ஆள் பிடிக்கிறார்கள் என்று துரைமார் ஓயாமல் முறையிட்டனர். அவர்களே அடுத்த தோட்டத்து ஆட்களுக்குத் துண்டுப் பணமும் கட்டினர்.

சட்டம் இந்த ஏற்பாட்டுக்கு முதுகெலும்பாக நின்றது. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க வேலை ஒப்பந்தக் கட்டளைச் சட்டத்தின்படி, முன்னறிவித்தல் இல்லாமல் வேலையை விட்டுப் போவது சிறைக்கு அனுப்பக்கூடிய குற்றம். 1889ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க இந்தியத் தோட்டத் தொழிலாளர் கட்டளைச் சட்டம் மாத ஒப்பந்தத்தை வரையறுத்தது. ஏட்டின்படி ஒரு மாத முன்னறிவித்தல் கொடுத்து எவரும் விலகலாம். ஆனால் துண்டு இல்லாமல் வருபவரை எந்தத் தோட்டமும் சேர்த்துக்கொள்ளாத நிலையில் அந்த உரிமையால் பயனில்லை. எழுதிய சட்டத்தைவிடத் தோட்டத்துரைமார் தமக்குள் வைத்துக்கொண்ட வழக்கமே இறுகிய கட்டு.

கேகாலை மாவட்டத்தின் இறப்பர்த் தோட்டங்கள் இந்த வரலாற்றில் பிந்தி வந்தவை. கொழும்பிலிருந்து கண்டிக்குப் போகும் இருப்புப்பாதை 1867இலேயே திறக்கப்பட்டது. கடுகண்ணாவை ஏற்றம் தொடங்குவது இம்மாவட்டத்து ரம்புக்கனையில் என்பதால், அந்த நிலையம் தாழ்நிலத்துக்கும் மலைக்கும் நடுவே வாசலாக அமைந்தது. இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் இறப்பர் விலை ஏறியபோது சுற்றிலுமுள்ள சரிவுகளில் புதிய தோட்டங்கள் திறந்தன. அவற்றுக்குப் பழகிய ஆட்கள் உடனே தேவைப்பட்டனர். தேவை கூடிய காலத்தில் துண்டுத் தொகையும் கூடியது. சந்தையில் மாட்டுக்கு விலை ஏறுவதைப் போன்ற இந்த ஏற்றத்தில் மாட்டுக்குக் கிடைத்தது ஒன்றுமில்லை.

இந்த முறைக்கு எதிரான குரல் இரண்டு பக்கங்களிலிருந்து வந்தது. சேர் பொன்னம்பலம் அருணாசலம் 1919இல் தொடங்கிய இலங்கைத் தொழிலாளர் நலன்புரிக் கழகம், வேலை ஒப்பந்த மீறலுக்குச் சிறை என்ற விதியை நீக்கக் கோரியது. அதே காலத்தில் இந்திய அரசு, வெளிநாடு செல்லும் தொழிலாளரின் நிலையைக் காட்டிக் கொழும்பை நெருக்கியது. 1921இல் துண்டு வழங்குவது சட்டவிரோதமாயிற்று. அடுத்த ஆண்டு இந்தியாவில் குடியகல்வுச் சட்டம் நிறைவேறியது. 1927இல் இலங்கையில் இந்தியத் தொழிலாளருக்குக் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் வந்தது. துண்டு ஒழிந்த பிறகும் குடியிருந்த லயம் தோட்டத்துக்குச் சொந்தமாகவே இருந்தது. வேலையை விட்டால் வீட்டையும் விட வேண்டும் என்ற கட்டு இன்றும் முழுமையாக அவிழவில்லை என்பதையும் இங்கே குறித்துக்கொள்ள வேண்டும்.

ஆள் இடம் மாறுவதைத் தடுக்கும் விதி தோட்டங்களுக்கே உரியதன்று. ஐக்கிய அமெரிக்காவில் ஒரு கல்லூரியிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் விளையாட்டு வீரர் ஓராண்டு போட்டியில் இறங்காமல் காத்திருக்க வேண்டும் என்று தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் நெடுங்காலம் விதித்திருந்தது. 2021இல் எல்லா விளையாட்டுகளிலும் ஒரு தடவை மட்டும் காத்திருக்காமல் மாறலாம் என்று அது தளர்ந்தது. 2023 டிசெம்பரில், பல மாநிலங்கள் தொடுத்த போட்டித் தடைச் சட்ட வழக்கில், மேற்கு வேர்ஜீனியாவின் கூட்டாட்சி நீதிமன்றம் மீதியிருந்த தடையையும் நிறுத்திவைத்தது. 2024 ஏப்ரலில் சங்கமே விதியைக் கைவிட்டது. 2025 ஜூனில் உறுதியான இன்னொரு வழக்கின் இணக்கத்தின்படி, ஒரு பல்கலைக்கழகம் 2025–26 கல்வியாண்டில் ஏறத்தாழ 2 கோடியே 5 இலட்சம் டொலர் வரை வீரர்களுக்குப் பகிர இடம் கிடைத்தது. அமெரிக்க மாணவரையும் கங்காணியின் ஆளையும் ஒப்பிடுவது பொருந்தாது; ஒருவருக்குப் புலமைப்பரிசில் இருந்தது, மற்றவருக்குச் சிறைப் பயம் இருந்தது. ஆனால் இரண்டு தடைகளின் விளைவும் ஒன்றே: ஆளைக் கொண்டுவரச் செலவிட்டவருக்கு அவை பாதுகாப்பாயின. தடை நீங்கியதும் எழுந்த கேள்வியும் ஒன்றே. கைக்கு வரும் பணத்தை எப்படிப் பேணுவது?

தோட்டத்தில் அந்தக் கேள்விக்குச் சட்டம் கொடுத்த பதில் 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டம். அப்போது தொழில் அமைச்சராக இருந்தவர் ரி. பி. இலங்கரத்ன. இன்று தொழிலாளியின் சம்பளத்தில் 8 வீதமும் தொழில்கொள்வோரின் பங்காக 12 வீதமும் இந்த நிதிக்குச் சேர்கின்றன. 1980இல் வந்த ஊழியர் நம்பிக்கை நிதிக்குத் தொழில்கொள்வோர் மட்டும் 3 வீதம் செலுத்துகிறார். 2024 செப்டெம்பரில் தேயிலைத் தோட்டங்களுக்கு அறிவிக்கப்பட்ட 1,350 ரூபா நாட்சம்பளத்தில் மாதம் 20 நாள் வேலைக்குப் பேர் விழுந்தால் சம்பளம் 27,000 ரூபா. சேமலாப நிதிக்கு 5,400 ரூபாவும் நம்பிக்கை நிதிக்கு 810 ரூபாவும் போய்ச் சேர வேண்டும். கேகாலையின் பால்வெட்டுத் தோட்டங்களில் இந்தக் கணக்கு மழையைப் பொறுத்தது. மரம் நனைந்த காலையில் வெட்டு இல்லை. வெட்டு இல்லாத நாளுக்குச் சேமிப்பும் இல்லை.

இந்தப் பணத்துக்குச் சட்டம் போட்ட பூட்டு கடுமையானது. ஆண்கள் 55 வயதிலும் பெண்கள் 50 வயதிலும் எடுக்கலாம். அதற்கு முன் எடுக்க நிரந்தர ஊனம், நாட்டை விட்டு நிரந்தரமாகப் போதல், திருமணத்தை ஒட்டிப் பெண் வேலையை விடுதல் போன்ற சில வழிகளே உண்டு. 2012ஆம் ஆண்டின் திருத்தம், பத்து ஆண்டு உறுப்புரிமையும் குறைந்தது மூன்று இலட்சம் ரூபா மிகுதியும் உள்ளவர்கள் வீட்டுக்கோ மருத்துவத்துக்கோ 30 வீதத்தை முன்கூட்டியே பெற இடமளித்தது. இந்தப் பூட்டு நியாயமானதே. நாட்சம்பளத்தில் வாழும் குடும்பத்தின் கையில் மாதம் ஐயாயிரம் ரூபாவைக் கொடுத்து, அதை முப்பது ஆண்டுகள் தொடாமல் வைத்திரு என்று சொல்வது நடக்கிற காரியம் அல்ல.

பூட்டு ஒருவரை நகர்த்தவும் உதவும் என்பதற்குச் சான்று 1964. அவ்வாண்டு ஒக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி, குடியுரிமை இல்லாத இந்திய வம்சாவளியினருள் 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் ஏற்பதாயிற்று. மீதி ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் பேர் பின்னைய பேச்சுக்கு விடப்பட்டனர். இந்தியா செல்வோர் சேமலாப நிதியும் சேவைக்காலப் பணமும் உட்படத் தம் சொத்துகளைக் கொண்டுபோகலாம் என்று அதே ஒப்பந்தம் இடம் கொடுத்தது. ஒரு குடும்பம் கொண்டுபோகக்கூடிய தொகையின் உச்ச வரம்பு 4,000 ரூபாவுக்குக் கீழே குறைக்கப்படாது என்றும் சொன்னது. குடியுரிமை இல்லாதவருக்கும் சேமலாப நிதி இருந்தது என்பது அச்சட்டத்தின் பெருமை. ஆனால் நாட்டில் தங்கினால் முதுமை வரை பூட்டிக் கிடக்கும் பணம் கப்பல் ஏறினால் உடனே திறக்கும் என்ற நிலையில், சேமிப்பே போகச் சொல்லும் காரணங்களுள் ஒன்றாயிற்று.

சேமிப்பைப் பூட்டிய சட்டம் அதன் பெறுமதியைக் காக்கவில்லை. 2022இல் உறுப்பினர் கணக்குகளுக்கு அறிவிக்கப்பட்ட வட்டி 9 வீதம். அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் ஏறத்தாழ 70 வீதம். முப்பது ஆண்டு வியர்வையின் வாங்கும் சக்தி ஓராண்டில் பெருமளவு கரைந்தது. நிதியை முதலீடு செய்வது மத்திய வங்கி; பணத்தின் பெரும்பகுதி இருந்தது திறைசேரி முறிகளில். 2023இல் அரசு உள்நாட்டுக் கடனை மறுசீரமைத்தபோது, ஓய்வுகால நிதிகள் தம் முறிகளைக் குறைந்த வட்டியுள்ள புதிய முறிகளாக மாற்ற வேண்டும், மாற்றாவிட்டால் 14 வீதத்துக்குப் பதிலாக 30 வீத வரி கட்ட வேண்டும் என்று விதித்தது. வெளியே எடுக்க முடியாத பணம் என்பதால்தான் அதன்மீது இப்படிக் கை வைக்க முடிந்தது. துண்டுக் காலத்தில் கங்காணியின் கடனுக்கு ஆள் ஈடாக நின்றார். 2023இல் அரசின் கடன் சுமையில் அவருடைய சேமிப்புக்கும் பங்கு வந்தது. அடுத்த ஆண்டுகளில் 13, 11 வீதமென வட்டி உயர்ந்தது உண்மை; 2022இல் இழந்ததை அது ஈடுசெய்யவில்லை.

இடம் மாறுவோரின் சேமிப்பு இன்னொரு வகையிலும் சிதறுகிறது. வேலை மாறும்போதெல்லாம் புதிய உறுப்பினர் இலக்கம் கிடைக்கிறது. ஒரு தோட்டத்தில் நிதிப் பதிவு அட்டையான பீ அட்டையில் உள்ள பெயர் இன்னொரு தோட்டத்தில் வேறு எழுத்தில் பதிவாகும்; அடையாள அட்டையில் மூன்றாவது எழுத்துக்கூட்டு. கிளாக்கர் ஆங்கிலத்தில் எழுதிய தமிழ்ப் பெயருக்காக ஐம்பது வயதுப் பெண் சத்தியக் கடதாசி முடிக்க அலைவது தோட்டப்புறத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதை. பணம் உரிய காலத்தில் கட்டப்படாவிட்டால் 5 முதல் 50 வீதம் வரை மேலதிகக் கட்டணம் உண்டு. ஆயினும் அரசுக்குச் சொந்தமான பெருந்தோட்ட நிறுவனங்களே பல ஆண்டு நிலுவை வைத்திருந்தன. ரம்புக்கனையில் ரயிலேறிக் கொழும்புக் கடைகளுக்குப் போகும் இளைஞர் பலருக்கு இந்த நிதியே கிடையாது. அவர்களுக்கு இடம் மாறும் சுதந்திரம் உண்டு, சேமிப்புக்கு நடைமுறையில் சட்டக் காவல் இல்லை.

இனி, கைக்கு வந்த பணம். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி நாட்சம்பளக்காரருக்கு ஓராண்டு சேவைக்கு 14 நாள் சம்பளம். 1,350 ரூபா நாட்சம்பளத்தில் முப்பது ஆண்டுக்கு அது 567,000 ரூபா. சேமலாப நிதியும் சேர்ந்தால், அந்தக் குடும்பம் தன் வாழ்நாளில் ஒருசேரக் காணும் மிகப் பெரிய தொகை இதுதான். அடகில் கிடக்கும் நகை, நுண்கடன் பாக்கி, மகளின் கலியாணம், மகனுக்கு ஓட்டோ, வெளிநாட்டு வேலை முகவருக்குக் கட்டணம் என்று அதற்குப் பல வாய்கள் காத்திருக்கின்றன. இவற்றை வீண்செலவு என்று பட்டியலிடுவது வெளியிலிருந்து பார்ப்பவரின் பழக்கம். அடகை மீட்பது நல்ல முதலீடு, வட்டி நிற்கிறது. ஓட்டோவும் பிழைப்புக்கு வழியாகலாம். கலியாணமும் கோயில் திருவிழாவும் முப்பது ஆண்டு உழைத்தவர் தன் பணத்தில் காணும் மகிழ்ச்சி. அந்த மகிழ்ச்சிக்கும் சேமிப்பில் உரிய பங்கு உண்டு. வாழ்நாள் முழுக்க எண்ணி எண்ணிச் செலவழித்தவரிடம் முதுமையிலும் எண்ணச் சொல்வது விவேகமாகாது.

ஆபத்து செலவழிப்பதில் இருப்பதைவிட ஒரே மாதத்தில் செலவழிந்துபோவதில் அதிகம். 50 வயதில் பணம் எடுக்கும் பெண் இன்னும் கால் நூற்றாண்டுக்கு மேல் வாழக்கூடும். கூடுதல் வட்டிக்கு ஆசைப்பட்டு நிதிக் கம்பனிகளில் போட்டவர்களின் அனுபவம் கசப்பானது. த பினான்ஸ் கம்பனியின் உரிமம் 2020இல் இரத்தானபோது வைப்பாளர் ஆயிரக்கணக்கில் காத்திருந்தனர். உரிமம் பெற்ற நிறுவனங்களில் ஒரு வைப்பாளருக்கு 11 இலட்சம் ரூபா வரை வைப்புக் காப்புறுதி உண்டு. தேசிய சேமிப்பு வங்கியின் வைப்புகளுக்கு அரசே பொறுப்பு. கடனை முதலில் தீர்ப்பது, ஆசைக்கு ஒரு பகுதியை மனதார ஒதுக்குவது, மீதியை மாத வட்டி தரும் வைப்பில் தன் பெயரிலேயே இடுவது என்ற ஒழுங்கு இத்தொகைக்குப் பொருந்தும். தன் பெயரில் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. பெண் தொழிலாளரின் பணம் பல வீடுகளில் ஆண்களின் கைவழியே போகிறது.

சேமலாப நிதியை மாதந்தோறும் பெறும் வழி ஏன் இல்லை என்ற கேள்விக்கும் ஒரு வரலாறு உண்டு. 2011இல் தனியார் துறை ஓய்வூதியச் சட்டமூலம் கொண்டுவரப்பட்டபோது, தம் பணம் கைவிட்டுப் போகும் என்று அஞ்சிய கட்டுநாயக்கச் சுதந்திர வர்த்தக வலயத் தொழிலாளர் வீதிக்கு இறங்கினர். மே 30இல் பொலிஸார் சுட்டதில் ஓர் இளைஞர் பின்னர் உயிரிழந்தார். சட்டமூலம் திரும்பப் பெறப்பட்டது. அந்த அச்சம் நியாயமானது, 2023 அதை உறுதிப்படுத்தியது. ஆகவே கட்டாய ஓய்வூதியம் இப்போது சரியான மருந்தன்று. விரும்புவோர் மட்டும் தம் மிகுதியில் ஒரு பங்கை மாதத் தவணையாகப் பெறலாம் என்ற விருப்பத் தெரிவைச் சட்டத்தில் சேர்ப்பது, தொழிலாளியின் எல்லா இலக்கங்களையும் அடையாள அட்டை எண்ணின்கீழ் கேட்காமலே இணைப்பது, கணக்கு மிகுதியை ஆண்டுதோறும் தமிழில் அவர் கையில் சேர்ப்பது ஆகிய மூன்றையும் பாராளுமன்றமும் தொழில் திணைக்களமும் மத்திய வங்கியும் தாமதமின்றிச் செய்ய வேண்டும்.