வயது சென்ற வீரரை வென்ற வெற்றி

குத்துச்சண்டையைப் பற்றிப் பேசுமிடமெல்லாம் தீராத வழக்கொன்று உண்டு. பேர்பெற்ற பழைய வீரரொருவரை இளையவர் ஒருவர் அடித்து வீழ்த்திவிட்டால், புதிய வீரன் தோன்றினான் என்று ஒரு சாரார் முழங்குவர். கிழவனை அடித்ததும் ஒரு வீரமா என்று மற்றொரு சாரார் இகழ்வர். ஈப்போ நகரக் காப்பிக் கடைகளிலும், சுங்கை சிப்புட், தாப்பா வட்டாரத்துத் தோட்ட லயங்களின் திண்ணைகளிலும் இவ்வழக்கு எத்தனையோ இரவுகளை விழுங்கியிருக்கிறது. லயங்கள் பல இடிந்து, ரப்பர் நின்ற நிலத்தில் செம்பனை நிற்கும் இந்நாளிலும் வழக்கு மட்டும் முடிந்தபாடில்லை. இரு சாராரும் வென்றவரின் கையையும் தோற்றவரின் வயதையுமே பார்க்கின்றனர். அந்தச் சண்டை பத்தாண்டுகளுக்கு முன்பே ஏன் நடக்கவில்லை, நடக்கவொட்டாமல் தடுத்தவர் யார் என்று கேட்பாரில்லை. நம் கருத்தில் முதற்கண் கேட்கத்தக்கது அதுவேயாம்.

பீட்டர் ஜாக்சன் என்னும் கறுப்பின வீரரின் வரலாற்றை எடுத்துக்கொள்வோம். அவர் 1886-இல் ஆஸ்திரேலியாவின் பெரும்பட்டம் பெற்றவர். அமெரிக்காவுக்குச் சென்று அந்நாளைய உலக வீரரான ஜான் சல்லிவனைச் சண்டைக்கு அழைத்தார். கறுப்பரோடு மோதமாட்டேன் என்று சல்லிவன் வெளிப்படையாகவே மறுத்துவிட்டார். 1891-இல் ஜாக்சன் ஜேம்ஸ் கார்பெட்டுடன் 61 சுற்றுகள் நின்று பொருதும் வெற்றி தோல்வி தீரவில்லை. அடுத்த ஆண்டு அதே கார்பெட் சல்லிவனை வென்று உலகப் பட்டம் பெற்றார். பெற்றபின் அவரும் ஜாக்சனோடு மோதவில்லை. உச்சகாலம் முழுதும் வாயிலில் காத்து நின்ற ஜாக்சன், பின்னர் நாடக மேடையில் நடித்துப் பிழைத்தார். 1898-இல், உடலும் வலியும் குன்றியிருந்த அவரை, வளர்ந்துவந்த ஒரு வெள்ளை இளைஞர் மூன்றே சுற்றுகளில் முடித்தார். மூன்றாண்டுகளில், 1901-இல், ஜாக்சன் காசநோயால் மாண்டார். அந்த இளைஞரின் பெயர் ஜேம்ஸ் ஜெப்ரிஸ். கிழவனை அடித்தது ஒரு வீரமா என்று அன்று ஜெப்ரிஸைப் பார்த்துக் கேட்டவர் மிகச் சிலரே.

அவர் 1899-இல் உலக வீரரானார். ஆனபின் கறுப்பர் எவருக்கும் பட்டத்திற்குப் பொருதும் வாய்ப்பை அளிக்காமல், தோல்வியே காணாதவராய் 1905-இல் ஓய்வு பெற்றுப் பண்ணையில் அமர்ந்தார். அப்போது ஜாக் ஜான்சன் என்னும் கறுப்பர் மேலே வந்துகொண்டிருந்தார். அவர் பட்டத்தை வைத்திருந்த டாமி பர்ன்ஸைக் கண்டம் விட்டுக் கண்டம் துரத்திச் சென்று, 1908 டிசம்பர் 26-ந் தேதி சிட்னி நகரில் வென்றார். வெள்ளை உலகம் பொறுக்கவில்லை. ஜெப்ரிஸ் பண்ணையை விட்டு வந்து இந்தக் கறுப்பரை அடக்கவேண்டும் என்று எழுத்தாளர் ஜாக் லண்டன் பத்திரிகையிலேயே எழுதினார். உடல் பெருத்துக் கிடந்த ஜெப்ரிஸ் நூறு ராத்தல் அளவு எடையைக் குறைத்துக்கொண்டு வந்தார்.

1910 ஜூலை 4-ந் தேதி, நெவாடா மாநிலத்து ரீனோ நகரில் இருவரும் மோதினர். ஜான்சனுக்கு வயது 32, ஜெப்ரிஸுக்கு 35. நாற்பத்தைந்து சுற்றுகளுக்கென்று ஏற்பாடான சண்டை பதினைந்தாம் சுற்றில் முடிந்தது. தம் வாழ்நாளில் அதுவரை தரையில் விழுந்தறியாத ஜெப்ரிஸ் அச்சுற்றில் மீண்டும் மீண்டும் விழுந்தார். அன்றிரவே அமெரிக்க நகரங்கள் பலவற்றில் வெள்ளையர் கறுப்பரைத் தாக்க, பலர் உயிரிழந்தனர். ஆறாண்டுகள் சண்டையிடாத மனிதரை வென்றது பெரிதா என்ற பேச்சும் உடனே கிளம்பியது.

பெரிதுதான் என்போம் நாம். ஜெப்ரிஸ் வலுவோடிருந்த நாளில் பட்டத்தைச் சுற்றி நிறவேலி கட்டியவர் அவரே. பள்ளிக்குள் நுழையவிடாமல் கதவைச் சாத்தியவரே, பின்னொருநாள், இவனுக்கு எழுத்தறிவில்லை என்று நகைப்பதை நம் சமூகத்திலும் நாம் கண்டதுண்டன்றோ? நாளைத் தள்ளிப் போட்டவருக்கு அந்நாளின் மூப்பைச் சாக்குச் சொல்லும் உரிமை கிடையாது.

ஐந்தாண்டுகள் கழிந்தன. வெள்ளைப் பெண்ணொருத்தியை மாநிலம் கடத்தினார் என்று நிறவெறியர் தொடுத்த வழக்கில் தண்டனை பெற்று நாடு நீங்கியிருந்த ஜான்சன், 1915 ஏப்ரல் 5-ந் தேதி ஹவானாவில், ஆறரை அடி உயர வெள்ளையர் ஜெஸ் வில்லார்டிடம் 26-ஆம் சுற்றில் வீழ்ந்தார். ஜான்சனுக்கு அப்போது வயது 37. ரீனோவில் 35-ஐ மூப்பென்று அழுத பேனாக்கள், ஹவானாவில் 37-ஐக் கண்டுகொள்ளவேயில்லை! பின் 22 ஆண்டுகள், 1937-இல் ஜோ லூயி வரும்வரை, கனவெடைப் பட்டத்திற்குப் பொருதக் கறுப்பர் ஒருவரும் அழைக்கப்படவில்லை. (ஜான்சனின் தண்டனைக்கு அரசு மன்னிப்பு வழங்கியது 2018-இல்.)

நிற்க. ஜான்சனை நாம் தெய்வமாக்க வேண்டியதில்லை. பட்டம் கைக்கு வந்தபின் அவரும் வெள்ளையரோடு மோதிப் பணம் ஈட்டுவதையே விரும்பினார். கறுப்பருள் தலைசிறந்தவரான சாம் லாங்போர்டுக்குக் கடைசிவரை வாய்ப்பளிக்கவில்லை. மேற்படியில் இருப்பவன் தன்னைத் தள்ளியதை நொந்து, கீழ்ப்படியில் நிற்பவனைத் தானே தள்ளும் இவ்வழக்கம் கறுப்பருக்கு மட்டும் உரியதென்று எண்ணுவார் நம்முள் இரார்.

நம் நாட்டு மண்ணிலும் ஒரு சான்று உண்டு. 1975 ஜூலை 1-ந் தேதி கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் முகம்மது அலி, ஜோ பக்னருடன் 15 சுற்றுகள் பொருது வென்றார். அலிக்கு 33, பக்னருக்கு 25. வந்தவர் உச்சகால அலியல்லர். வியட்நாம் போருக்குச் செல்ல மறுத்ததற்காக 1967 முதல் 1970 வரை மூன்றரை ஆண்டுகள், 25 முதல் 28 வயது வரை, அவர் களமேறவே முடியாமற் செய்தனர். அந்த அலியை வென்றவருமில்லை, அவரிடம் தோற்றவருமில்லை. பக்னர் வென்றிருந்தால் நாம் என்ன சொல்லியிருப்போம்? அவர் துணிந்து தாக்கவேயில்லை. ஆகவே அக்கேள்வி எழாமற் போயிற்று.

1980 அக்டோபர் 2-ந் தேதி லாஸ் வேகாஸில் நடந்ததோ வேறு வகை. மறுநடவுக்காகச் சாய்க்கப்போகும் முதிய பால்மரத்தில், கடைசி ஓரிரு ஆண்டுகளில், ஏணி வைத்து உயரத்திலும் வெட்டி, பட்டையைக் கருதாது பாலெடுப்பதைத் தோட்டத்தில் உழைத்தவர் அறிவர். 38 வயது அலியை அவ்வாறே மேடையேற்றினர். தைராய்டு மருந்தால் உடல் இளைத்துப் பார்வைக்கு இளைஞர் போலிருந்தார், கைகளில் வலுவில்லை. எதிரே நின்ற லாரி ஹோம்ஸ் முன்னாளில் அலியின் பயிற்சித் துணைவர். ஹோம்ஸ் அடித்தார், தயங்கினார், நடுவரின் முகத்தைப் பார்த்தார். பத்துச் சுற்றுகளையும் மூன்று நடுவர்களும் அவருக்கே கொடுத்தனர். அலியின் பயிற்றுநர் சண்டையை நிறுத்தினார். வென்றவர் அழுதார்.

ஹோம்ஸ் நாளைத் தள்ளிப்போட்டவரல்லர். ஆகவே அவரை இகழோம். ஆனால் அவ்வெற்றியை அவர் கணக்கில் ஒரு காசுக்கும் சேர்க்கமாட்டோம். 1978-இல் கென் நார்ட்டனோடு 15 சுற்றுகள் நின்று பட்டம் வாங்கினாரே, அதுவே அவருடைய மதிப்பு.

1988 ஜனவரி 22-ந் தேதி அட்லாண்டிக் சிட்டியில், ஓய்விலிருந்து திரும்பிவந்த ஹோம்ஸ் 21 வயது மைக் டைசன் முன் நின்றார். ஹோம்ஸுக்கும் அப்போது வயது 38. நான்காம் சுற்றில் அவர் மல்லாந்து விழுந்தார். சண்டைக்கு முன் அலியையும் மேடைக்கு அழைத்து அறிமுகப்படுத்தினர்; தமக்காக ஹோம்ஸை வெல்லும்படி அலி தம் காதில் மெல்லச் சொன்னதாக டைசன் பிற்காலத்தில் கூறியிருக்கிறார்.