பற்றின்மையும் இல்லறமும்: திருப்பத்தூர் ஆசிரமம் எழுப்பும் வினா

பதஞ்சலியின் யோக சூத்திரம் மனத்தின் அலைவுகளை அடக்க இரண்டு சாதனங்களை இணைத்தே கூறுகின்றது. ஒன்று அப்பியாசம், அதாவது இடையறாப் பயிற்சி. மற்றொன்று வைராக்கியம், அதாவது பற்றின்மை. மேலும், இயமங்கள் ஐந்தனுள் ஒன்றாக அபரிக்கிரகத்தை, பொருள்களைத் தனதாக்கிக் குவியாமையை, அந்நூல் வைக்கின்றது. திருக்குறளோ துறவு என்னும் அதிகாரத்தைத் துறவறவியலில் அமைத்துள்ளது. அவ்வாறாயின், பற்றின்மை துறவியர்க்கு மட்டுமே உரியதோ?

இவ்வினாவுக்குக் கீதை வேறொரு விடை தருகின்றது. செயலை விடவேண்டுவதில்லை, செயலின் பயன்மேலுள்ள பற்றை விடுவதே யோகம் என்பது அதன் போதனை. காந்தியடிகள் 1930இல் வெளியிட்ட தமது குஜராத்திக் கீதை மொழிபெயர்ப்பிற்கு அநாசக்தி யோகம் என்று பெயரிட்டது இக்கருத்துப் பற்றியே ஆகும்.

தமிழகத் திருச்சபையில் இச்சிந்தனை உருப்பெற்ற இடங்களுள் முதன்மையானது திருப்பத்தூர் கிறிஸ்துகுல ஆசிரமம். 1921இல் இதனை நிறுவியவர்கள் இருவர், இருவரும் மருத்துவர். சவரிராயன் இயேசுதாசன் தமிழர். எர்னஸ்டு பாரஸ்டர் பேட்டன் கம்பளி நூல் தொழிலால் செழித்த ஸ்காத்லாந்துக் குடும்பத்தில் பிறந்தவர். மணவாழ்வையும் ஊதியத்தையும் துறந்து, கதர் உடுத்தி, பெரியண்ணன், சின்னண்ணன் என்று அழைக்கப்பெற்று, இருவரும் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தனர். மருத்துவமனை நடத்தினர், திராவிடக் கோயிற்பாணியில் ஜெபாலயம் எழுப்பினர்.

இவர்கள் துறந்தது பொருளை மட்டுமன்று. ஐரோப்பிய மிஷனெரிக்கும் இந்திய ஊழியனுக்கும் இடையே நின்ற உயர்வு தாழ்வையும் துறந்தனர். பேட்டனுக்கு அஃது எளிய துறவாக இருக்கவில்லை. 1932 சனவரியில் சென்னையில் அந்நியத் துணிக்கடை மறியல் நடந்த இடத்தில் காவலர் அவரை அடித்தனர். அச்செய்தி பிரித்தானிய நாடாளுமன்றம் வரை சென்றது. ஆளும் இனத்தான் என்னும் பாதுகாப்பும் ஒரு பற்றே என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகின்றது.

எனினும், ஒரு தடை எழுகின்றது. செல்வம் உடையவன் துறக்கலாம். இல்லாதவன் எதைத் துறப்பான்? 2023 டிசம்பரில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்டபின், அதனை அடுத்த ஊரப்பாக்கத்தில் கடன்பெற்று ஒரு மனை வாங்கி, நாள்தோறும் மின்தொடரில் வேலைக்குச் செல்லும் விசுவாசியிடம் ஆசிரம வாழ்வைக் கேட்பது நியாயமன்று. பிள்ளைகளுக்கு ஒரு வீடு வேண்டும் என்பது பேராசையும் அன்று.

பவுல் அடியார் கொரிந்துச் சபைக்கு எழுதியபோது இல்லறத்தாரை நோக்கியே பேசினார் (1 கொரி. 7:29–31). உடையவர்கள் உடைமையைக் கைவிட வேண்டும் என்று அவர் அங்குக் கட்டளையிடவில்லை. உடைமை தங்களை உடைமையாக்கிக் கொள்ளாதபடி வாழுமாறே வேண்டினார். ஆனால், யோக நெறியில் பற்றின்மை அகவிடுதலைக்குச் சாதனமாக, திருப்பத்தூரிலோ அது பிறர்க்கு ஊழியஞ் செய்யும் விடுதலையாயிற்று. இவ்வேறுபாட்டை நாம் மறைத்தல் ஆகாது.

ஆதலின், இல்லறத்தானுக்குரிய அளவுகோல் அவன் எவ்வளவு வைத்திருக்கிறான் என்பதன்று. கட்டிய வீட்டின் கதவு அயலானுக்குத் திறக்கின்றதா? சாதிப்பெருமையையும் பதவியையும் அவன் விடத் துணிகின்றானா? பொருட்பற்றினும் இவற்றை விடுவதே அரிது. இதனை ஆராயாமல் வைராக்கியத்தைப் புகழ்வது பயனற்றது.