சிதைவும் சீரமைப்பும்

உடைந்து சிதறிய தொல்பொருளை மீண்டும் ஒன்றுகூட்டி நிறுத்துதல் எளிய செயலன்று. கிடைத்தது எது, கிடைக்காததை நிரப்ப அறிஞர் கருதியது எது என்னும் வேறுபாடு காண்போர்க்குப் புலனாக வேண்டும். புலனாகாவிடின், ஊகமே வரலாறு என நிலைத்துவிடும்.

உரோமாபுரிச் சான்று ஒன்றைக் காண்போம். கான்ஸ்டன்டைன் பேரரசரின் அமர்ந்த நிலைப் பேருருவச் சிலை கி.பி. 4ஆம் நூற்றாண்டினது. அதன் தலை, கை, கால் முதலிய பளிங்குத் துண்டுகள் 1486இல் வெளிப்பட்டன. இன்று எஞ்சியவை பத்தே. அவற்றைப் பல கோணங்களில் நிழற்படமெடுத்து, கணினியில் அளந்து, வியாழக் கடவுள் கோலத்தில் அமைந்த பிற பேரரசர் சிலைகளோடு ஒப்பிட்டு, ஏறத்தாழ 13 மீட்டர் உயர முழுச்சிலையொன்றை 2024இல் உரோமில் நிறுத்தினர். பழந்துண்டு ஒன்றுகூட அதில் பொருத்தப்படவில்லை. பிசினும் பளிங்குத் தூளும் கொண்டு அனைத்தையும் புதிதாகவே செய்தனர். கருத்து மாறினால் படியைத் திருத்தலாம், மூலத்திற்கு ஊறில்லை.

கடாரம் எனப்படும் கெடாவில் மேற்கொண்ட முறை வேறு. கெப்பாலா பத்தாசுக்கு வடக்கே மூடா ஆற்றைக் கடந்து மெர்போக் சென்றால், ஜெராய் மலையடிவாரத்தில் புக்கிட் பத்து பகாட் உள்ளது. 'உளியால் செதுக்கிய கல்லுள்ள குன்று' என்பது அதன் பொருள். குவாரிச் வேல்ஸ் என்னும் ஆங்கில அறிஞர் 1936-37இல் தம் மனைவியாருடன் பூஜாங் பள்ளத்தாக்கில் ஏறக்குறைய 30 இடங்களை ஆராய்ந்தபோது, இங்குள்ள கோயிலையும் அகழ்ந்தார். 1959-60இல் அலெஸ்டர் லேம்ப் அதனை மீண்டும் ஆராய்ந்து, கற்களை அடுக்கி, விமானமும் மண்டபமும் அமைந்த கட்டடத்தைச் சீரமைத்தார். கற்பேழைகளும் அங்குக் கிடைத்தன. கோயில் எழுப்புகையில் அடித்தளத்தில் பொன்னும் மணியும் இடும் வழக்கத்தை அவை நினைவூட்டுவன.

சுவருக்கு மேலே இருந்தது யாது? தூண் நாட்டிய கல்லடிகள் எஞ்சின, தூண்கள் எஞ்சவில்லை. மரத்தூண்களும் அழியும் பொருளாலான கூரையும் இருந்திருக்க வேண்டுமென அறிஞர் கருதினர். அக்கருத்தை எழுத்தில் வைத்தனரேயன்றிக் கல்லில் ஏற்றவில்லை. ஆகவே அக்கோயில் இன்றும் வானம் பார்த்தே நிற்கிறது.

இவ்வடக்கம் வரலாறு கற்பிப்போர்க்கும் வேண்டும். இராசேந்திர சோழன் கடாரத்தின்மீது படை செலுத்தியது 1025இல். பூஜாங்கிலோ அதற்குப் பல நூற்றாண்டு முற்பட்ட சின்னங்களும் உண்டு. சைவத்தோடு பௌத்தத்திற்கும் சான்றுகள் உண்டு. அங்குள்ள கல்லையெல்லாம் சோழன் நாட்டியதென்பது, இல்லாத கூரையைச் சிமெண்டால் எழுப்புவதை ஒக்கும்.

மிகைப்படக் கூறுதல் ஒரு கேடெனின், பேணாது விடுதல் அதனினும் பெருங்கேடு. சுங்கை பத்து தோட்டத்திலிருந்த 11ஆம் எண் கோயிற் சிதைவு நிலந்திருத்தும் பணியில் தரைமட்டமான செய்தி 2013இல் வெளியாயிற்று. ஊகம் தவறாயின் கல்லைக் கொண்டு திருத்தலாம். கல்லே போய்விட்டால் எதைக் கொண்டு திருத்துவது? புக்கிட் பத்து பகாட்டுக்கு மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரியர், முதலில் அக்கூரையற்ற சுவர்களைக் காட்டுக. கிடைத்தது இவ்வளவே என்று கூறுக. பின்னரே கடாரத்தின் பெருமையைப் பேசுக.