ஹார்வர்டை வேண்டாம் என்ற இருவர்

இன்று கொஞ்சம் நீளமான பதிவு. டீயைக் கையில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை என் பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்திருந்தான். 1994 செட். மகளையும் அழைத்து வந்தான். அந்தப் பெண் எம்.எஸ்சி. கணிதம் முடித்திருக்கிறாள். பிஎச்.டி. படிக்க அமெரிக்காவில் விண்ணப்பித்து இரண்டு இடத்தில் கிடைத்திருக்கிறது. ஒன்று ஊர் உலகமே அறிந்த பெயர், ஆனால் உதவித்தொகை முதல் வருடத்துக்குத்தான் உறுதி. இன்னொன்று இவன் கேள்விப்படாத பல்கலைக்கழகம். அங்கே ஐந்து வருடத்துக்கும் பணம் தருகிறார்கள். அங்குள்ள பேராசிரியர் ஒருவர் இவளுடைய புராஜெக்டைப் படித்துவிட்டு இரண்டு முறை மின்னஞ்சல் எழுதியிருக்கிறார்.

"சார், பெரிய பேரை விட்டுட்டு யாராச்சும் போவாங்களா? நீங்களே இவளுக்கு எடுத்துச் சொல்லுங்க" என்றான்.

"போயிருக்காங்கப்பா" என்றேன். அன்றைக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலாமவர் ரிச்சர்ட் ஃபைன்மன். நியூயார்க் பக்கம் ஃபார் ராக்கவேயில் வளர்ந்தவர். 1939இல் எம்.ஐ.டி.யில் இளங்கலை முடிக்கிறார். மேற்படிப்பையும் அங்கேயே தொடரலாம் என்பதுதான் அவருடைய எண்ணம். இயற்பியல் துறைத் தலைவர் ஸ்லேட்டர், ஏன் இங்கேயே இருக்க நினைக்கிறாய் என்று கேட்டார். நாட்டிலேயே அறிவியலுக்குச் சிறந்த இடம் இதுதானே என்றார் ஃபைன்மன். அப்படி நினைக்கிறாய் அல்லவா, அதற்காகவே நீ வேறு இடத்துக்குப் போக வேண்டும் என்று சொல்லிவிட்டார் ஸ்லேட்டர். தன் துறையின் தலைசிறந்த மாணவனை வெளியே அனுப்ப எத்தனை தலைவர்களுக்கு மனசு வரும்?

அதே வருடம் ஃபைன்மன் புட்னம் கணிதப் போட்டியில் வென்றார். அந்த வெற்றியோடு ஹார்வர்டில் மேற்படிப்புக்கு உதவித்தொகை உண்டு. அதை வேண்டாம் என்றுவிட்டு பிரின்ஸ்டன் போனார். பிரின்ஸ்டனிலும் இவரைத் தாம்பாளம் வைத்து வரவேற்கவில்லை. இயற்பியலிலும் கணிதத்திலும் அபாரமான மதிப்பெண், வரலாறிலும் ஆங்கிலத்திலும் மோசம். அதோடு, இவர் யூதரா என்று அங்கிருந்து எம்.ஐ.டி.க்குக் கடிதம் எழுதி விசாரித்தார்கள். அந்தக் காலத்து அமெரிக்கா அப்படித்தான் இருந்தது. நம் ஊரில் சாதியைச் சுற்றி வளைத்து விசாரிப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது.

பிரின்ஸ்டனில் அவர் முதலில் பார்க்க ஆசைப்பட்டது சைக்ளோட்ரானை. எம்.ஐ.டி.யில் அந்த இயந்திரம் பளபளவென்று இருக்கும், கட்டுப்பாட்டு அறை தனியாக. இங்கே அடித்தளத்தில் ஓர் அறை. கம்பிகள் தொங்குகின்றன, தண்ணீர் சொட்டுகிறது, ஓட்டைகளை மெழுகு வைத்து அடைத்திருக்கிறார்கள். பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது: இங்கிருந்து நல்ல முடிவுகள் வருவதற்குக் காரணம், இயந்திரத்தோடு மல்லுக்கட்டுகிறவர்கள் அந்த அறைக்குள்ளேயே இருப்பதுதான்.

அவருக்கு வழிகாட்டியாக வந்தவர் ஜான் வீலர். வயது 28தான்! முதல் சந்திப்பில், உனக்கு இவ்வளவு நேரம்தான் என்பதுபோல வீலர் தன் பாக்கெட் கடிகாரத்தை எடுத்து மேஜையில் வைத்தார். அடுத்த சந்திப்புக்கு ஃபைன்மன் மலிவாக ஒரு கடிகாரம் வாங்கிக்கொண்டு போய் எதிரே வைத்தார். இருவருக்கும் சிரிப்பு அடங்கவில்லை. அந்தச் சிரிப்பில் தொடங்கிய கூட்டிலிருந்து வந்ததுதான் 1942இல் முடிந்த முனைவர் பட்ட ஆய்வு. அதை வளர்த்தெடுத்த வழியில்தான் பின்னாளைய பெரிய வேலைகளும் வந்தன.

இந்த இடத்தில் ஒன்றை மறைக்கக் கூடாது. அந்த பிரின்ஸ்டன் உதவித்தொகைக்கு ஒரு நிபந்தனை இருந்தது: பெறுபவர் திருமணம் செய்துகொள்ளக் கூடாது. ஃபைன்மன் காதலித்த ஆர்லைனுக்குக் காசநோய் என்று தெரிந்தபோது, உடனே மணந்து தானே கவனித்துக்கொள்ள நினைத்தார். கேட்டுப் பார்த்தார், விடவில்லை. பட்டம் வாங்கிய பிறகுதான், 1942 ஜூனில், திருமணம். 1945 ஜூனில் ஆர்லைன் இறந்துவிட்டார். மூன்று வருடம்கூட நிறையவில்லை. எத்தனை முறை படித்தாலும் எனக்கு இந்தப் பகுதியைக் கடப்பது கஷ்டம்.

இரண்டாமவர் ஜான் நேஷ். மேற்கு வர்ஜீனியாவில் புளூஃபீல்டு என்ற சிற்றூர்க்காரர். பிட்ஸ்பர்க்கில் கார்னகி தொழில்நுட்பக் கழகத்தில் வேதிப் பொறியியலில் சேர்ந்து, வேதியியலுக்கு மாறி, கடைசியில் கணிதத்துக்கு வந்தார். 1948இல் ஹார்வர்டு, பிரின்ஸ்டன் இரண்டிலிருந்தும் உதவித்தொகையோடு அழைப்பு. இவரும் புட்னம் போட்டி எழுதியவர்தான், ஆனால் வெல்லவில்லை. ஃபைன்மன் கையில் இருந்தும் தள்ளிய பரிசு, இவருக்கு எட்டாமல் போனது. அதனால் ஹார்வர்டு கொடுக்க முன்வந்த தொகை சற்றுக் குறைவு.

நேஷ் பின்னாளில் காரணங்களை ஒளிவுமறைவில்லாமல் எழுதியிருக்கிறார். பிரின்ஸ்டன் பணம் கொஞ்சம் அதிகம். தான் வர வேண்டும் என்று அவர்கள் கூடுதலாக ஆசைப்பட்டதுபோல் தெரிந்தது, டக்கர் என்ற பேராசிரியர் கடிதம் எழுதி அழைத்தார். அப்புறம், புளூஃபீல்டிலிருந்து பிரின்ஸ்டன் கிட்டே. ஆமாம், வீட்டுக்குப் பக்கம் என்பதும் ஒரு காரணம்! மேதைகள் என்றால் வேறு மாதிரி யோசிப்பார்கள் என்று நாம் நினைக்கிறோம்.

அன்று பிரின்ஸ்டன் கணிதத் துறையின் தலைவர் லெஃப்ஷெட்ஸ். அவர் கதை தனிப் பதிவுக்கு உரியது. பிட்ஸ்பர்க்கில் பொறியாளராக இருந்தபோது விபத்தில் இரண்டு கைகளையும் இழந்து, அதன் பிறகு கணிதம் படித்து முனைவர் ஆனவர். வகுப்புக்கு வருகிறாயா என்பதைவிட, புதிதாக ஏதாவது கண்டுபிடிக்கிறாயா என்று பார்த்த துறை அது. டக்கரைச் சுற்றி ஓர் இளைஞர் கூட்டம் அப்போதுதான் ஆட்டக் கோட்பாட்டில் இறங்கியிருந்தது. அந்தத் துறையைத் தொடங்கி வைத்த வான் நியூமன் அதே ஊரில் இருந்தார். நேஷ் படித்திருந்த ஒரே பொருளியல் பாடம் கார்னகியில் எடுத்த பன்னாட்டுப் பொருளியல். அதில் முளைத்த யோசனைக்கு இங்கே மண் கிடைத்தது. 1950இல் டக்கரின் வழிகாட்டலில் கொடுத்த ஆய்வேடு 30 பக்கம்கூட இல்லை. அதற்குத்தான் 1994இல் நோபல்.

இதெல்லாம் கணிதம்தானா, ஆய்வேடாக ஏற்பார்களா என்ற சந்தேகம் அவருக்கும் இருந்தது. ஒருவேளை ஏற்காவிட்டால் கொடுப்பதற்கு, வேறொரு தூய கணித முடிவையும் கையில் வைத்திருந்தார்.

நம்மவர் சந்திரசேகர் விஷயமும் நினைவுக்கு வருகிறது. சென்னை மாநிலக் கல்லூரி மாணவராக இருக்கும்போதே தன் கட்டுரையை கேம்பிரிட்ஜில் இருந்த ஃபௌலருக்கு அனுப்பினார். ஃபௌலர் வழியாக அது அச்சிலும் வந்தது. 1930இல் அரசு உதவித்தொகை கிடைத்ததும் அந்த ஃபௌலரிடமே போனார். அம்மா அப்போது நோயில். போகவா வேண்டாமா என்று தயங்கிய மகனைப் போ என்று அனுப்பியவரே அந்த அம்மாதான். அடுத்த வருடம் அவர் இறந்தபோது மகன் இங்கிலாந்தில் இருந்தார்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். 1978இல் எம்.ஃபில். படிக்க எனக்கும் இரண்டு இடம் கிடைத்தது. ஒன்று பெரிய பெயர். இன்னொன்றில் என் எம்.எஸ்சி. விடைத்தாளைப் பார்த்த ஒரு வாத்தியார் "வாப்பா, சேர்ந்து ஏதாவது செய்யலாம்" என்று தபால் அட்டை போட்டிருந்தார். நான் பெயரைப் பார்த்துப் போனேன். என் வழிகாட்டியை முதல் வருடத்தில் நான்கைந்து தடவை பார்த்திருப்பேன். இரண்டாம் வருடம் பாதியில் ஊருக்குத் திரும்பி, பி.எட். முடித்து ஆசிரியர் ஆனேன். ஆசிரியர் வேலையில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனாலும் அந்தத் தபால் அட்டையை நான் இன்னும் தூக்கிப் போடவில்லை.

இதையெல்லாம் கேட்டுவிட்டு என் மாணவன், "அப்போ ரெண்டாவது இடத்துக்கே போகச் சொல்றீங்களா சார்?" என்றான். நான் அப்படிச் சொல்லவில்லை. ஃபைன்மனும் நேஷும் போன பிரின்ஸ்டன் ஒன்றும் பட்டிக்காடு இல்லையே. இவளுடைய பேராசிரியர் எப்படிப்பட்டவர் என்று எனக்கென்ன தெரியும்? அவரிடம் இப்போது படிக்கிற பிள்ளைகளுக்கு எழுதிக் கேள், முடித்துப் போனவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று பார், இரண்டு கடிதத்தையும் கடைசி வரி வரை படி என்று மட்டும் அந்தப் பெண்ணிடம் சொன்னேன்.

நேற்று இரவு அவளே போன் செய்தாள். "தாத்தா, அங்க படிக்கிற ஒரு அக்கா பதில் போட்டிருக்காங்க. வாராவாரம் அவரே உட்கார்ந்து பேசுவாராம். இன்னொரு விஷயம், பெரிய யுனிவர்சிட்டி லெட்டர்ல ரெண்டாவது பக்கத்துல, நிதி இருந்தால் மட்டும் தொடரும்னு ஒரு வரி இருக்கு. அப்பா அதைப் பார்க்கவே இல்ல."

அதற்கு என்ன அர்த்தம் என்று அவர்களிடமே எழுத்தில் கேட்கச் சொன்னேன். பதில் சொல்ல ஏப்ரல் 15 வரை நேரம் இருக்கிறது.